அன்டூ செய்தால் தெரிவும் திரும்பி வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் டிசைன் வேலை செய்பவர்களில் பலர் ஒரே நாளில் இரண்டு மூன்று மென்பொருள்களுக்கு மாறி மாறி வேலை செய்கிறோம். காலையில் போட்டோஷொப்பில் ஒரு படத்தின் பின்னணியை வெட்டுவோம். மத்தியானம் இலஸ்ட்ரேட்டரிலோ இன்க்ஸ்கேப்பிலோ ஒரு கல்யாணக் கார்ட். பின்னேரம் அச்சகத்துக்கு அனுப்புமுன் கோரல்ட்ராவில் கடைசித் திருத்தம். அன்டூ, அதாவது செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல்+இசட், எல்லாவற்றிலும் ஒரே விசைதான், ஆனால் அது எதைத் திருப்பித் தரும் என்பதில் எல்லாம் ஒன்றல்ல. வரைந்ததையும் அழித்ததையும் எல்லாமே திருப்பித் தரும். எதையெதைத் தெரிவு (செலக்ட்) செய்து வைத்திருந்தீர்கள் என்பதைச் சில மட்டுமே திருப்பித் தரும். இதைப் பற்றி வேலை பழகுபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அன்டூ வரலாற்றில் பொதுவாக எது பதிவாகும், எது பதிவாகாது?

கோப்பை மாற்றும் எதுவும் பதிவாகும்: கோடு வரைதல், நிறம் மாற்றுதல், நகர்த்துதல், அழித்தல். நீங்கள் பார்க்கும் விதத்தை மட்டும் மாற்றுபவை பதிவாகாது: பெரிதாக்கிப் பார்த்தல், பக்கத்தை உருட்டுதல், பேனலைத் திறந்து மூடுதல், செட்டிங் மாற்றுதல்.

தெரிவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு பொருளைத் தெரிவு செய்வதால் அச்சில் வரப்போவது மாறாது. ஆனால் அடுத்து நீங்கள் செய்யும் வேலை எங்கே விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் மென்பொருள் எழுதியவர்கள் ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

போட்டோஷொப், கிம்ப், கிரிட்டா மூன்றிலும் தெரிவு பதிவாகிறது. இன்க்ஸ்கேப்பில் ஏன் பதிவாவதில்லை?

முதல் மூன்றும் பிக்சல்களை, அதாவது படத்தின் சின்னச் சின்ன நிறப் புள்ளிகளை, வைத்து வேலை செய்பவை. அங்கே தெரிவு செய்வதே ஒரு பெரிய வேலை.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கும் சிவப்புப் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் கட்டி முடித்த கட்டடம், சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும். சுற்றுலாப் போஸ்டர் செய்யும் எவரும் என்றாவது ஒருநாள் அந்தப் படத்தில் கை வைத்தே ஆக வேண்டும். வெயிலில் வெளிறிப்போன சிவப்பை மட்டும் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறப் பகுதியைத் தெரிவு செய்யும் மெஜிக் வாண்டை எடுத்து ஒரு பட்டையில் கிளிக் செய்கிறீர்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அடுத்த பட்டை, அதற்கடுத்தது, மினாரின் வளைவில் நிழல் விழுந்த இடம் தனியாக, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துண்டு தனியாக. இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஷிஃப்ட் விரலிலிருந்து நழுவி ஒரு கிளிக் விழுந்தால், அதுவரை சேர்த்த அத்தனையும் போய்விடும். கடைசியாகத் தொட்ட ஒரு துண்டு மட்டும் எறும்பு ஓடுவதுபோல் நகரும் தெரிவுக் கோட்டோடு நிற்கும்.

இந்த இடத்தில் அன்டூ கைகொடுக்கவில்லை என்றால் அந்த மென்பொருளை வைத்து யாரும் பிழைக்க முடியாது. பிக்சல் மென்பொருளில் தெரிவு என்பது உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை விழுந்த இடம் தெரிவானது, கறுப்பு விழுந்த இடம் தெரிவாகாதது, சாம்பல் நிறம் பாதி தெரிவானது. ஓரத்தை மென்மையாக்கினால் அந்தச் சாம்பல்தான் கூடுகிறது. அதையும் படத்தின் ஒரு பகுதியாகவே நடத்துவதால் வரலாற்றில் அது தனிப் படியாகச் சேர்கிறது. தெரிவை முழுவதுமாக நீக்கும் கண்ட்ரோல்+டி கூட போட்டோஷொப்பில் ஒரு படிதான்.

இன்க்ஸ்கேப் வெக்டர் மென்பொருள், படத்தைத் தனித்தனிப் பொருள்களாக வைப்பது. அதில் தெரிவு என்பது "இந்தப் பொருள், இந்தப் பொருள், அந்தப் பொருள்" என்ற ஒரு பட்டியல் மட்டும். ஒரு கிளிக்கில் வந்து ஒரு கிளிக்கில் போகும். வெக்டர் வேலையில் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனையோ தடவை எதையாவது தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். அத்தனையும் வரலாற்றில் ஏறினால் உண்மையான மாற்றத்தைத் தேடிப் பிடிக்க முடியாது என்பது அதன் பின்னால் இருக்கும் நியாயம்.

தெரிவைப் பதிவு செய்தால் மெமரி கூடுதலாகத் தேவைப்படும், அதனால்தான் சிலர் விட்டுவிட்டார்கள் என்கிறார்களே?

கணக்குப் பார்த்தால் தலைகீழாக வருகிறது. ஏ3 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஏறக்குறைய 4961க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 1 கோடியே 74 இலட்சம் பிக்சல். பிக்சலுக்கு ஒரு பைட் வைத்தால், சுருக்காமல் வைத்திருக்கும் ஒரு தெரிவுக்கே 17 எம்பி வரை போகும். நடைமுறையில் சுருக்கி வைப்பதால் இவ்வளவு ஆவதில்லை என்பது வேறு விஷயம். வெக்டரில் நூறு பொருள்களைத் தெரிவு செய்தாலும் அந்தப் பட்டியல் சில கிலோபைட்டைத் தாண்டாது. அதிக இடம் பிடிக்கும் பிக்சல் மென்பொருள்கள் பதிவு செய்கின்றன, இடமே பிடிக்காத இன்க்ஸ்கேப் பதிவு செய்வதில்லை. ஆகவே காரணம் மெமரி இல்லை. வரலாறு குப்பையாகக்கூடாது என்பதுதான் காரணம்.

அப்படியானால் பதிவு செய்வதுதான் நல்லதா?

பிக்சல் வேலைக்கு ஆம். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. போட்டோஷொப் வழக்கமாக 50 படிகளைத்தான் நினைவில் வைத்திருக்கும். மேலே சொன்ன பள்ளிவாசலில் ஷிஃப்ட் வைத்துச் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு படி. ஐம்பது பட்டையைத் தாண்டியதும், அதற்கு முன் வானத்தில் செய்த நிறத் திருத்தத்துக்கு அன்டூ மூலம் திரும்பிப் போக வழியில்லை. தெரிவுகளே வரலாறு முழுவதையும் தின்றுவிடும்.

இதற்கு மூன்று பரிகாரம் உண்டு. பெர்ஃபோமன்ஸ் செட்டிங்கில் படி எண்ணிக்கையைக் கூட்டலாம், 1000 வரை விடுகிறது, மெமரி குறைந்த கணினியில் நிதானமாகக் கூட்டுங்கள். பெரிய தெரிவு வேலை தொடங்குமுன் ஹிஸ்டரி பேனலில், அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஒரு ஸ்னாப்ஷொட் எடுக்கலாம், படிகள் பழையதாகி விழுந்தாலும் ஸ்னாப்ஷொட் விழாது. மூன்றாவதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது: கியூ விசையை அழுத்திக் குயிக் மாஸ்க்குக்குப் போய் தூரிகையால் தெரிவை வரையுங்கள். நீளமான ஒரு தூரிகை இழுப்பு, கிளிக் கிளிக்காகச் சேர்க்க வேண்டிய பத்து துண்டுகளை ஒரே படியில் முடித்துவிடும்.

கிம்ப்பில் கணக்கு வேறு மாதிரி. குறைந்தது இத்தனை படி கட்டாயம் வைத்திரு, அதற்கு மேல் இவ்வளவு மெமரி நிறையும்வரை வைத்திரு என்று இரண்டு எல்லை. இரண்டையும் செட்டிங்கில் மாற்றலாம்.

வெக்டரில் நிறையப் பொருள்களைத் தெரிவு செய்துகொண்டிருக்கும்போது கை தவறி வெற்றிடத்தில் கிளிக் செய்துவிட்டேன். என்ன செய்வது?

இதுதான் வெக்டர்காரர்களின் பெரிய வயிற்றெரிச்சல். பொங்கல் வாழ்த்து அட்டைக்கு 15 புள்ளிக் கோலம், 8இல் நிறுத்தும் ஊடு புள்ளி, போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 169 புள்ளி. வெளி ஓரத்தில் மட்டும் 42. அந்த 42ஐயும் சிவப்பாக்க ஷிஃப்டோடு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருகிறீர்கள். நாற்பதாவதைத் தொடப்போய் மயிரிழையில் தவறி வெற்றிடத்தில் கிளிக் விழுகிறது. தெரிவு போயிற்று. பதறிப்போய் கண்ட்ரோல்+இசட் அழுத்துகிறீர்கள். தெரிவு திரும்பவில்லை. அதற்குப் பதிலாக நடுவில் வைத்திருந்த தாமரையின் நிறம் பழைய நிறத்துக்குப் போய்விட்டது! இப்போது இழப்பு ஒன்றல்ல, இரண்டு.

முதலில், மேற்கொண்டு எதையும் தொடாமல் ரீடூ (அன்டூவால் போனதை மீண்டும் கொண்டுவருவது) கொடுத்துத் தாமரையைக் காப்பாற்றுங்கள். போன தெரிவு போனதுதான். மீண்டும் செய்யும்போது முறையை மாற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு புள்ளியைத் தெரிவு செய்தவுடன் கண்ட்ரோல்+ஜி கொடுத்து குழுவாக்குங்கள். குழுவாக்குவது கோப்பில் நடக்கும் மாற்றம், அதனால் அது வரலாற்றில் ஏறும், வெற்றிடக் கிளிக்கால் அழியாது. அல்லது அந்தப் பத்துக்கும் உடனேயே சிவப்பைக் கொடுத்துவிடுங்கள். பிறகு அதே நிறமுள்ளவற்றைத் தெரிவு செய்யும் வசதியை, இன்க்ஸ்கேப்பில் எடிட் மெனுவிலும் இலஸ்ட்ரேட்டரில் செலக்ட் மெனுவிலும் இருப்பதை, பயன்படுத்தினால் எல்லாம் ஒரே கிளிக்கில் திரும்ப வரும். இலஸ்ட்ரேட்டரின் அதே செலக்ட் மெனுவில் தெரிவுக்குப் பெயர் வைத்துச் சேமிக்கவும் இடம் இருக்கிறது. "வெளி ஓரம்" என்று பெயர் கொடுத்துவிட்டால் கோப்போடு அது இருக்கும். எத்தனையோ வருடமாக அந்த மென்பொருளில் வேலை செய்பவர்கள்கூட அந்த மெனுவின் அடிப்பகுதிக்குப் போய்ப் பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் பாவிக்கும் மென்பொருள் எந்த வகை என்று எப்படி அறிவது?

ஒரு நிமிட வேலை. புதிய பக்கத்தில் மூன்று பெட்டி வரையுங்கள். முதல் பெட்டியை நகர்த்துங்கள். வெற்றிடத்தில் கிளிக் செய்து தெரிவை நீக்குங்கள். பிறகு இரண்டாவது பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். இப்போது ஒரே ஒரு தடவை அன்டூ. பெட்டி நகராமல் தெரிவு மட்டும் மாறினால் உங்கள் மென்பொருள் தெரிவைப் பதிவு செய்கிறது. முதல் பெட்டி பழைய இடத்துக்கு ஓடினால், பதிவு செய்வதில்லை.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். நகர்த்தியதை அன்டூ செய்த பிறகு மூன்றாவது பெட்டியை ஒரு தடவை தொடுங்கள். எடிட் மெனுவைத் திறந்தால் ரீடூ இன்னும் உயிரோடு இருக்கிறதா, மங்கிப்போய்விட்டதா? இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். காரணம் அடுத்த கேள்வியில்.

பதிப்பு மாறும்போது இந்த நடத்தையும் மாறலாம். புதிய பதிப்பு போட்டவுடன் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

ஐந்து படி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு திரும்பி வரலாம் என்று நினைத்தேன். நடுவில் ஒரு தெரிவு செய்தேன், ரீடூ காணாமல் போய்விட்டது. இது மென்பொருள் பிழையா?

பிழை இல்லை, ஆனால் பயனருக்கு இதைவிடக் கொடுமையான நடத்தை இந்த விஷயத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

வழக்கமான வரலாறு ஒற்றைக் கோடு. பின்னால் போய் அங்கே புதிதாக எதையாவது செய்தால், முன்னால் இருந்த படிகள் வெட்டப்படும். நிறம் மாற்றினால் வெட்டுவது நியாயம், அங்கிருந்து வேறு பாதையில் போகிறோம் என்று தெரிந்துதான் செய்கிறோம். ஆனால் தெரிவையும் ஒரு படியாக எண்ணும் மென்பொருளில், சும்மா ஒரு பெட்டி இழுத்துப் பார்த்தாலே அது "புதிய செயல்" ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று "தம்பி, முந்தி எப்படி இருந்தது, காட்டுங்கோ" என்கிறார். நீங்கள் பின்னால் போய்க் காட்டுகிறீர்கள். "அந்த எழுத்தை மட்டும் கொஞ்சம்…" என்று அவர் விரலை நீட்ட, பழக்கதோஷத்தில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு தெரிவு போடுகிறீர்கள். அவ்வளவுதான், அரை மணி நேர வேலைக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

போட்டோஷொப்பில் இதற்கு ஒரு மாற்று உண்டு. ஹிஸ்டரி பேனலின் விருப்பங்களில் நேர்கோடில்லாத வரலாற்றை அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்தால், பின்னால் போய்ப் புதிதாகச் செய்தாலும் பழைய படிகள் வெட்டப்படாமல் பட்டியலில் இருக்கும். பட்டியல் குழப்பமாகத் தோன்றும், அதனால் எப்போதும் வைத்திருக்கச் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும் நேரங்களில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பின்னால் போவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

இதை நன்றாகத் தீர்த்திருப்பவர்கள் டிசைன் உலகத்துக்கு வெளியே இருக்கிறார்கள். புரோகிராம் எழுதுவோர் பாவிக்கும் விஎஸ் கோட் எடிட்டரில் கண்ட்ரோல்+இசட் எழுத்தை மட்டும் திருப்பும். கர்சரும் தெரிவும் போன இடத்தைத் திருப்ப கண்ட்ரோல்+யூ என்று தனி விசை. இரண்டு வரலாறு, இரண்டு விசை, தெரிவு செய்வதால் எழுத்தின் ரீடூ கெடாது. வெக்டர் மென்பொருளுக்கு இப்படி ஒன்று வந்தால் கோலப் புள்ளிக்காரர்களின் பாதிக் கவலை தீரும்.

பழைய ஆட்கள் கண்ட்ரோல்+இசட்டை இரண்டு தடவை அழுத்தி முன்னும் பின்னும் ஒப்பிடுவார்கள். எனக்கு அது வேலை செய்யவில்லையே?

போட்டோஷொப்பில் பல வருடம் அப்படித்தான் இருந்தது. முதல் அழுத்தில் அன்டூ, அடுத்த அழுத்தில் ரீடூ. 1990இல் வந்த முதல் பதிப்பிலிருந்து ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம், 1998இல் வந்த 5ஆம் பதிப்பில்தான் ஹிஸ்டரி பேனல் வந்தது. 2018 ஒக்டோபரில் வந்த சிசி 2019 பதிப்பில் கண்ட்ரோல்+இசட்டை மற்ற மென்பொருள்களைப்போல் படிப்படியாகப் பின்னால் போக வைத்தார்கள். பழைய மாதிரி ஒப்பிட கண்ட்ரோல்+ஆல்ட்+இசட்.

ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து தெரிவு செய்யும் லாஸோவால் பாதி வழி வந்துவிட்டேன். ஒரு புள்ளி தவறினால் முழுவதையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். நேர்கோட்டு லாஸோவில் பேக்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிடும். மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தியது. கிம்ப்பிலும் அப்படியே. முடியாத தெரிவு இன்னும் வரலாற்றில் ஏறவில்லை, அதனால் அதற்குள்ளே திருத்தும் வழி தனி. செவ்வகத் தெரிவை இழுத்துக்கொண்டிருக்கும்போது இடம் தவறினால், மவுஸை விடாமல் போட்டோஷொப்பில் ஸ்பேஸ் பாரை அழுத்தி நகர்த்தலாம்.

தெரிவை நீக்கி, பிறகு வேறு வேலையும் செய்துவிட்டேன். அந்த வேலையை இழக்காமல் பழைய தெரிவு மட்டும் வேண்டும்.

போட்டோஷொப்பிலும் கிரிட்டாவிலும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி. கடைசியாக இருந்த தெரிவைத் திரும்பக் கொண்டுவரும், நடுவில் செய்த வேலையில் கை வைக்காது. கடைசித் தெரிவு ஒன்று மட்டும்தான்.

கரண்ட் போனால் வரலாறும் போய்விடுமா?

போய்விடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தானியங்கிச் சேமிப்பு கோப்பை மீட்டுத் தரலாம், ஆனால் போட்டோஷொப்பில் கோப்பை மூடினாலே வரலாறும் ஸ்னாப்ஷொட்டும் இல்லாமல் போகும். அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளில் வரலாற்றைக் கோப்போடு சேர்த்துச் சேமிக்கும் வசதி ஃபைல் மெனுவில் இருக்கிறது. அப்படிச் சேமித்த கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள், நீங்கள் அழித்த விலையும் பழைய வாசகமும் அவர் பின்னால் போய்ப் பார்க்கக் கிடைக்கும்.

தெரிவைப் பொறுத்தவரை கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு நடப்பிலிருக்கும் தெரிவையும் சேர்த்தே சேமிக்கும். போட்டோஷொப்பின் பிஎஸ்டி அப்படிச் செய்யாது. செலக்ட் மெனுவில் சேவ் செலக்ஷன் கொடுத்து ஆல்ஃபா சேனலாக்கினால் (தெரிவு ஒரு கறுப்பு வெள்ளைப் படமாகக் கோப்போடு சேரும்) பிஎஸ்டியிலும் டிஃப்பிலும் இருக்கும், ஜேபெக்கில் இருக்காது. பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்த எந்தத் தெரிவையும் சேனலாகச் சேமியுங்கள்.

ஒரே கோப்பில் மூன்று பேர் ஒன்லைனில் வேலை செய்தால், நான் அன்டூ செய்யும்போது மற்றவரின் வேலையும் போகுமா?

ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவியில் போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி வரலாறு. தெரிவும் ஆளுக்கு ஆள் தனி. பலர் ஒன்லைனில் சேர்ந்து டிசைன் செய்யும் ஃபிக்மாவை எழுதியவர்கள் 2019இல் இதைப் பற்றி எழுதியபோது ஒரு விதியைச் சொன்னார்கள்: நிறைய அன்டூ செய்து, எதையோ கொப்பி எடுத்து, மீண்டும் ரீடூ செய்து நிகழ்காலத்துக்கு வந்தால் கோப்பு மாறியிருக்கக்கூடாது. கொப்பி எடுக்க வேண்டுமென்றால் நடுவில் தெரிவு செய்தே ஆக வேண்டும். ஆகவே பின்னால் போன இடத்தில் தெரிவு செய்வது ரீடூவைக் கொல்லக்கூடாது என்பது அந்த விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

படிப்பின் கடைசி வருட புரொஜெக்டாக ஒரு சின்ன வரைகலைச் செயலி எழுதுகிறேன். தெரிவை எப்படிப் பதிவு செய்வது?

நான் விரும்புவது இது: தெரிவைத் தனிப் படியாக்காதீர்கள், முற்றாக விட்டுவிடவும் வேண்டாம். ஒவ்வொரு உண்மையான மாற்றத்தோடும், அதற்கு முன் எது தெரிவாகியிருந்தது, அதற்குப் பின் எது என்று இரண்டு பட்டியலைச் சேர்த்து வையுங்கள். அன்டூ செய்தால் அழித்த பொருள் திரும்பி வருவதோடு முன்பு இருந்தபடியே தெரிவாகியும் நிற்கும். பயனர் எதைத் திருப்பினோம் என்று திரையில் தேட வேண்டியதில்லை.

கட்டாயம் தெரிவைப் பதிய வேண்டிய செயலி என்றால், அடுத்தடுத்து வரும் தெரிவுகளை ஒரே படியாக ஒட்டுங்கள். கியூட்டி (Qt) என்ற செயலி எழுதும் கருவித்தொகுப்பில் எழுதினால் அதன் அன்டூ வகுப்பிலேயே இரண்டு கட்டளைகளை இணைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் முழுவதையும் ஒட்டிவிட்டால் கோலத்தின் 39 புள்ளியும் ஒரே அன்டூவில் போய்விடும். சேர்த்துக்கொண்டே வருபவற்றை ஒட்டலாம், தெரிவு காலியாகும் இடத்தில் மட்டும் புதிய படி தொடங்குங்கள். தவறான கிளிக் விழும் இடம் அதுதான்.

பட்டியலில் பொருளின் அடையாள எண்ணை வையுங்கள், மெமரி முகவரியை வைக்காதீர்கள். அழித்த பொருளை அன்டூ திரும்ப உருவாக்கும்போது அது வேறு முகவரியில் பிறக்கும், பழைய முகவரியைத் தொட்டால் செயலி விழுந்துவிடும். அதேபோல, "தெரிவானதை அழி" என்ற கட்டளையை ரீடூ செய்யும்போது அந்த நேரத்தில் எது தெரிவாகியிருக்கிறது என்று பார்க்கக்கூடாது. முதலில் செய்தபோது பதிந்த எண்களைத்தான் அழிக்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு வழி: இரண்டு வட்டம் வரைந்து ஒன்றை அழியுங்கள், அன்டூ கொடுங்கள், மற்றதைத் தெரிவு செய்யுங்கள், ரீடூ கொடுங்கள். முதலாவது வட்டம் போய், இரண்டாவது இருந்த இடத்திலேயே இருந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.